டாயில் கேலரியில் ஒரு புதன்கிழமை: டப்ளின், மோனஹன் குண்டுவெடிப்பு பற்றி நம்மவர் அனுபவங்கள்

லிஃபிக்கரை:

அயர்லாந்தில் இத்தனை வருஷம் இருக்கிறீர்களே, இந்த நாட்டு அரசியலை நேரில் பார்த்ததுண்டா என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், இந்நாட்டு நாடாளுமன்றமான டாயிலின் பார்வையாளர் கேலரியில். 2006ல் நடந்தது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டப்ளின் வந்தது 2004ல். தினமும் கன்னொலி ஸ்டேஷனில் இறங்கி டால்பட் தெரு வழியாக ஆபீஸுக்கு நடப்பேன். ஸ்டேஷனுக்கு எதிரே, தெரு தொடங்கும் இடத்தில் ஒரு உயரமான கல் நிற்கும். அதில் வரிசையாகப் பெயர்கள். நம்மூர் சுதந்திரப் போராட்டத் தியாகிகள் கல்வெட்டு மாதிரி ஏதோ என்று நினைத்துப் பல மாதங்கள் கடந்து போயிருக்கிறேன். ஒருநாள் ரயில் தாமதமானபோதுதான் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். 1974 மே 17. டப்ளினிலும் மோனஹனிலும் ஒரே மாலையில் நான்கு கார் குண்டுகள். 33 பேர் இறந்தார்கள். வயிற்றில் நிறைமாதமாக இருந்த குழந்தையையும் சேர்த்து 34 என்பவர்களும் உண்டு.

ஆபீஸில் கேட்டால் வயதானவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணி, வேலை விடும் நேரம். பார்னல் தெரு, டால்பட் தெரு, சவுத் லென்ஸ்டர் தெரு என்று ஒரு சில நிமிட இடைவெளியில் மூன்று குண்டுகள். முன்னெச்சரிக்கை போன் எதுவும் வரவில்லை. பார்னல் தெருவில் அப்பா, அம்மா, இரண்டு கைக்குழந்தைகள் என்று ஒரு குடும்பமே போய்விட்டது.

இதைச் செய்தது நாங்கள்தான் என்று யூ.வி.எஃப். என்ற, வட அயர்லாந்து பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்ற ஆயுதக் குழு ஒப்புக்கொண்டது 1993ல். ஆனால் இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்தக் குழுவுக்குப் பிரிட்டிஷ் பாதுகாப்புப் படையில் இருந்த யாராவது உதவினார்களா என்பதுதான் விடாமல் துரத்தும் கேள்வி.

சரி, கேலரிக்கு வருகிறேன். இங்கே நாடாளுமன்றத்தின் கீழவைக்கு டாயில் என்று பெயர். பிரதமரைத் தீஷக் என்பார்கள் (எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் யாருக்கும் புரியாது). எம்.பி.க்கு டி.டி. முதன்முதலில் கேட்டபோது எனக்கு வங்கி டி.டி.தான் ஞாபகம் வந்தது. கூட வேலை செய்த ஒரு பெரியவர் தன் தொகுதி டி.டி. மூலமாக இரண்டு பார்வையாளர் அனுமதி வாங்கினார். என்னையும் அழைத்துப் போனார். அவருடைய சித்தி அந்த மாலையில் காயம்பட்டவர்.

அன்றைக்குத் தீஷக் பெர்டி அஹெர்ன். எதிர்க்கட்சிக்காரர்கள் தனித்தனியாகக் கொடுத்திருந்த கேள்விகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். அது இங்கே வழக்கமாம். நான் நம்மூர் சட்டசபைக் கூச்சலை எதிர்பார்த்துப் போயிருந்தேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், பாதி இருக்கை காலி.

பின்கதை தெரியாமல் அந்தப் பதில் புரியாது. பெரியவர் காதோடு காதாகச் சொன்னதும், அப்புறம் நானாகப் படித்ததும் சேர்த்து எழுதுகிறேன். முதலில் நீதிபதி ஹாமில்டனிடம் விசாரணையை ஒப்படைத்தார்கள். அவருக்கு உடம்பு முடியாமல் போக, 2000ல் நீதிபதி ஹென்றி பேரன் பொறுப்பேற்றார். அவர் அறிக்கை 2003 டிசம்பரில் வெளிவந்தது. அதைப் படித்தால் வயிறு எரியும். போலீஸ் விசாரணை சில மாதங்களிலேயே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வெடித்த இடத்தில் பொறுக்கிய சிதறல்கள் வட அயர்லாந்தில் இருந்த ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது 11 நாள் கழித்து. வெடிமருந்தின் தடயம் அதுவரை காத்திருக்குமா? அன்றைய அரசு பெரிதாக அக்கறை காட்டவில்லை என்றும் நீதிபதி பேரன் எழுதிவிட்டார். நீதி அமைச்சகத்தில் இருந்திருக்க வேண்டிய கோப்புகளையும் காணவில்லை.

அதனால் 2005ல் பாட்ரிக் மெக்என்டீ என்ற மூத்த வழக்கறிஞரை வைத்து ஒரு கமிஷன். விசாரணையை ஏன் மூடினார்கள், கோப்புகள் எங்கே, ஆங்கிலேய நம்பர் பிளேட்டோடு நின்ற ஒரு வெள்ளை வேன், நகரத்து ஹோட்டல் ஒன்றில் தங்கிப் போன ஒரு ஆள், இவற்றை ஏன் யாரும் துருவவில்லை என்று பார்க்கச் சொன்னார்கள். அவகாசம் தீரத் தீர நீட்டிப்பு. நான் போன அன்றும் பேச்சு அதைப் பற்றித்தான்.

சாரத்தைச் சொல்கிறேன், வார்த்தைக்கு வார்த்தை இல்லை. அறிக்கை எப்போது வரும்? இன்னும் அவகாசம் கேட்டிருக்கிறார், கொடுத்திருக்கிறோம். பிரிட்டன் ஒத்துழைக்கிறதா? பிரிட்டிஷ் பிரதமர் பிளேரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அசல் ஆவணங்கள் வருமா? மறுபடியும் கேட்போம். பக்கத்தில் பெரியவர் ஒவ்வொரு பதிலுக்கும் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், பல தடவை கேட்ட கதையை மறுபடி கேட்பவர்போல.

எனக்கு அப்போது தோன்றியது: கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். பதில் இருக்கிற அலமாரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசுத் துறை ஒன்றில் மட்டும் தொடர்பிருக்கக் கூடிய 68,000 கோப்புகள் என்று அவர்களே நீதிபதி பேரனுக்கு எழுதியிருந்தார்கள். அசல்களைக் காட்டவில்லை. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்தவன் அலமாரியைப் பற்றி எல்லோரும் ஒரே குரலில் பேசும்போது, சொந்த அலுவலகத்தில் காணாமல்போன கோப்பு பற்றிப் பேச்சு கொஞ்சம் தணிந்துபோகிறது. அன்றைக்கு நான் கேட்டதில் பெரும்பகுதி லண்டனைப் பற்றித்தான்.

வெளியே வந்ததும் பெரியவர் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. கில்டேர் தெருவில் நேரே இறங்கி, முனையில் வலதுபக்கம் திரும்பினார். மூன்று நான்கு நிமிட நடைதான். எதிரே டிரினிட்டி கல்லூரிச் சுற்றுச்சுவர். “இதுதான் சவுத் லென்ஸ்டர் தெரு. மூன்றாவது குண்டு. இரண்டு பெண்கள்” என்றார். நாடாளுமன்றத்திலிருந்து ஒரு டீ குடிக்கப் போகிற தூரம். மாணவர்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரவுப்பணி:

அண்ணா, நான் கேலரிக்கெல்லாம் போனதில்லை. ஆனால் இதே கேள்வி பதிலை நடுராத்திரியில் பார்த்திருக்கிறேன்.

நர்ஸாக வந்த புதிதில் டப்ளின் வடபகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தேன். அங்கே ஒரு பாட்டிக்குத் தூக்கமே வராது. அன்றைய நாடாளுமன்ற நடவடிக்கைகளை இரவு ரொம்ப நேரம் கழித்து டிவியில் தொகுத்துப் போடுவார்கள். அதைப் பார்க்காமல் படுக்க மாட்டார். பத்து மணி மாத்திரையையே அது முடிந்ததும்தான் வாங்கிக்கொள்வார். இதற்காக நான் சீனியரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் அவராகவே சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை டப்ளினில் பஸ் ஸ்டிரைக். அதனால் எல்லோரும் நடந்துதான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், தெருக்களில் அவ்வளவு கூட்டம். இவர் டால்பட் தெருவில் ஒரு கடையில் வேலை. புதுச் செருப்பு காலைக் கடித்ததால், பழைய செருப்பை மாற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று உள்ளே திரும்பியிருக்கிறார். அந்த இரண்டு நிமிஷம். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த செருப்பை எப்போதும் நேராக, வாசலைப் பார்த்தபடி வைக்கச் சொல்வது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

டிவியில் தீஷக் பேசி முடித்ததும் பாட்டி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. “அவர்கள் எழுந்து கேட்கிறார்கள். இவரும் எழுந்து, ‘நானும் கேட்டிருக்கிறேன்’ என்கிறார். எல்லோருமே கேட்கிறவர்கள்தான். சத்தத்தைக் குறை.” சத்தத்தைக் குறைத்துவிட்டு மாத்திரையைக் கொடுத்தேன்.

மெக்என்டீ அறிக்கை 2007ல் வெளிவந்தபோது பாட்டி உயிரோடு இல்லை.

மோனஹன்வாசி:

எல்லோரும் டப்ளினையே பேசுகிறீர்கள். எங்கள் ஊரையும் கொஞ்சம் கவனியுங்கள்.

வட அயர்லாந்து எல்லைக்குப் பக்கத்துச் சின்ன ஊர் இது. காளான் பண்ணைக் கணக்கு எழுத வந்தவன் நான். டப்ளினில் வெடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து, சரியாகச் சொன்னால் 6.58க்கு, இங்கே ஒரு மதுக்கடை வாசலில் நான்காவது குண்டு. அன்று மதியம் வட அயர்லாந்தின் போர்ட்டடவுனில் திருடிய பச்சை ஹில்மன் மின்க்ஸ் கார். ஏழு பேர். டப்ளினில் வைத்துவிட்டு வந்தவர்கள் எல்லை தாண்டித் தப்பிக்க, எல்லைப் போலீஸை இந்தப் பக்கம் இழுக்கத்தான் இது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். திசை திருப்புவதற்காகச் செத்தவர்கள் என்றால் அந்தக் குடும்பங்களுக்கு எப்படி இருக்கும், யோசியுங்கள்.

சர்ச் ஸ்கொயரில் ஒரு தூண் இருக்கிறது. மணற்கல்லும் உலோகமும் சேர்ந்தது. முப்பதாவது நினைவு நாளில், 2004ல், ஜனாதிபதி மேரி மெக்அலீஸ் வந்து திறந்துவைத்தார். ஏழு பேருக்கும் ஏழு ஒளித் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். இருட்டியபின் பார்க்க வேண்டும். என் மகன் சின்ன வயதில் அதில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவான். ஆறு வரை கைக்கு எட்டும், ஏழாவதுக்கு நான் தூக்கிவிட வேண்டும்.

இந்தத் தொகுதி டி.டி.யாக இருந்த கீவின் ஓ கீலான் 1997 முதல் 2020 வரை டாயிலில் இருந்தார். இந்த விஷயத்தை விடாமல் கேட்டவர்களில் அவரும் ஒருவர். அவருடைய ஷின் ஃபேன் கட்சிக்கும், பிரிட்டனை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. ‘ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகளைப் பற்றி யார் பதில் சொல்வது’ என்று எதிரே இருந்து குத்தலாகக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைச் சொல்லி இந்த ஏழு பேர் கேள்வியை மூடிவிட முடியாது என்பது என் வாதம்.

லிஃபிக்கரை அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். 2008, 2011, 2016 என்று மூன்று முறை டாயில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. சர்வதேச அளவில் ஒரு சுயேச்சையான நீதிபதிக்காவது அந்த அசல் ஆவணங்களைத் திறந்து காட்டுங்கள் என்று. ஒரே தீர்மானத்தை எட்டு வருஷத்தில் மூன்று தடவை போட வேண்டியிருந்தது என்பதிலேயே லண்டன் பதில் தெரிந்துவிடுகிறது.

ஸ்கார்பரோ குளிர்:

கொஞ்சம் தடம் மாறுகிறேன், ஆனால் அயர்லாந்து சம்பந்தப்பட்டதுதான். 1985ல் கனடாவிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா விமானம் குண்டு வெடித்துக் கடலில் விழுந்ததே, 329 பேர், அது அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால்தான். கார்க் பக்கம் அஹகிஸ்டா என்ற கடலோரக் கிராமத்தில் நினைவுத் தோட்டம் இருக்கிறது, நடுவில் ஒரு சூரியக் கடிகாரம். போன கோடையில் போயிருந்தோம். பொது விசாரணை வரும் என்று கனடாப் பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னது 2006ல். அதற்கே 21 வருஷம் ஆனது. அறிக்கை 2010ல். தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் எங்களைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டார். நாங்கள் யாருக்கும் சொந்தம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

லிஃபிக்கரை:

இரவுப்பணி தங்கச்சி, அந்தப் பாட்டி சொன்னதைத்தான் நான் இத்தனை பத்தி எழுதிச் சொல்லப் பார்த்தேன். மோனஹன்வாசி, தீர்மானத்தை விட்டது என் தப்புதான். அதில் நீங்கள் சொன்னது சரி.

என்னை அழைத்துப்போன பெரியவர் ஓய்வு பெற்று கால்வே பக்கம் போய்விட்டார். மே 17க்கு மட்டும் ரயில் ஏறி வந்துவிடுவார். டால்பட் தெருக் கல்லுக்கு மலர்வளையம் வைப்பார்கள், பெயர்களைப் படிப்பார்கள். படித்து முடிக்க அதிக நேரம் ஆகாது. நானும் முடிந்தவரை போகிறேன். அடுத்த முறை யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், கன்னொலி ஸ்டேஷன் படிக்கட்டில் நிற்கிறேன். மே மாதம் என்று நம்பிக் குடையை விட்டுவிட்டு வராதீர்கள்.