உலைல போட்ட கரி மஞ்சப் புகையா விடுது, இது எந்தக் கரி?

உலைப்புதுசு:
சின்ன உலை வச்சு இரும்பு அடிக்கப் பழகிட்டு இருக்கேன். இதுவரைக்கும் மரக்கரிதான், நல்லா போச்சு. இப்ப புதுசா வாங்குன மூட்டைல இருக்குறது லேசுல பத்தவே மாட்டேங்குது, பத்துனாலும் மஞ்சளா கெட்டிப் புகை, தீக்குச்சி உரசுன நெடி, கொஞ்ச நேரத்துல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, அடியில காத்து வர்ற ஓட்டைய கண்ணாடி மாதிரி ஒரு கட்டி வேற அடைச்சிருச்சு. கரி ஈரமா, இல்ல ப்ளோயர் பத்தலையா?

கரித்துண்டு:
ஒரு துண்ட தண்ணில போடுங்க. மிதக்குதா?

உலைப்புதுசு:
கல்லாட்டம் முங்கிருச்சு ப்ரோ

கரித்துண்டு:
அப்ப அது நிலக்கரி. மரக்கரி உள்ள பூரா துளை, அதான் மிதக்கும், உடைச்சா மரத்தோட ரேகையும் தெரியும். மரத்த காத்து படாம மூட்டம் போட்டுச் சுடுறப்பவே ஈரம், தாரு, வாயு எல்லாம் போயிரும், அதனாலதான் உங்களுக்குப் புகையே தெரியல. நிலக்கரி கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில அழுந்துன செடிகொடி, தாரும் கந்தகமும் இன்னும் உள்ளதான் இருக்கு. ஒட்டிக்கிறது கோளாறு இல்ல, சூட்டுல இளகி, தாரும் வாயுவும் போய் மிஞ்சுற கெட்டிக் கரியா, அதாவது கோக் ஆகுது. கண்ணாடிக் கட்டி, சாம்பல்ல இருக்குற மண்ணு உருகுனது, கிளிங்கர்னு சொல்வாங்க.

பட்டறைவாசி:
தூக்கிப் போட்டுறாதீங்க. புதுக்கரிய நடுவுல கொட்டாம ஓரமா குவிங்க, அங்கயே புகை போய் கோக் ஆகும், அப்புறம் நடுவுக்குத் தள்ளி இரும்ப வைங்க. பச்சை நிலக்கரில நேரா வச்சா கந்தகம் ஏறி, பழுக்கச் சுட்டு அடிக்கிறப்ப விரிசல் விடும். இரும்பு உருக்குறவங்களுக்கும் இதே தலைவலிதான், இங்கிலாந்துல 1709ல ஆபிரகாம் டார்பி கோக் போட்டு உருக்கிக் காட்டுற வரைக்கும் ஊதுலைக்கு மரக்கரிய விட்டா வழியில்ல, மரம் வெட்டித் தீரல. கிளிங்கர் கொஞ்சம் ஆறுனா இறுகிரும், கொக்கிக் கம்பியால எடுத்துருங்க.

உலைப்புதுசு:
சூப்பர்ணே. மரக்கரியும் கலந்து போடலாமா?

பட்டறைவாசி:
பத்த வைக்க மட்டும் அடியில ரெண்டு கை போடுங்க, டக்குனு பிடிக்கும். முழுக்க கலந்தா மரக்கரி முன்னாடியே எரிஞ்சு போயிரும், வேஸ்ட்.

கரித்துண்டு:
மூடுன ரூம்ல மட்டும் வேணாம். புகை இல்லைனு மரக்கரிய நம்புவாங்க, ஆனா கார்பன் மோனாக்சைடுங்குற விஷவாயு ரெண்டுலயும் வரும், அதுக்கு நெடியே கிடையாது.

உலைப்புதுசு:
ஷெட்டுக்கு ஒரு பக்கம் சுவரே இல்ல, ஓகேதானே?

கரித்துண்டு:
ஓகே. ஆனா நிலக்கரினா சிம்னி ஒண்ணு வச்சுக்கங்க, அந்த மஞ்சப் புகை மூஞ்சிலயே அடிக்கும்.