புதுப்பிப்பு: ஆல்ட்டோவுக்கு இரண்டு டயர் மாற்றியாயிற்று

ஆல்ட்டோ 800-இன் முன் டயர்கள் தேய்ந்துவிட்டன, கையில் ஏழாயிரம்தான், பழைய டயர் வாங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பழையது வேண்டாம், புதிதாக இரண்டு வாங்கிப் பின்னால் போடுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. அளவு 145/80 ஆர்12; பொருத்துகூலியோடு 5,900 ரூபாய். கடைக்காரர் முன்னால்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தார். மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும் என்று நீங்கள் சொன்னதையே சொன்னேன். அரை மனதோடு பின்னால் மாட்டினார். அங்கிருந்த பாதி தேய்ந்தவை முன்னால் வந்தன.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்புத் தேதி எண்ணைப் பார்க்கச் சொன்னீர்களே, அது இன்னும் பெரிய உதவி. முதலில் எடுத்து வந்த ஜோடியில் 1121 என்றிருந்தது, அதாவது 2021-இன் 11-ஆவது வாரம். வேண்டாம் என்றதும் உள்ளேயிருந்து 0825 வந்தது!

எதிர்பாராதது ஒன்று. கழற்றிய டயர்களின் உள்விளிம்பில் கம்பியே தெரிந்தது. வெளிப்பக்கத்தில் பள்ளங்கள் நன்றாகத்தான் இருந்தன. காரணம் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு. சரிசெய்ய 400 ரூபாய் ஆனது. ஸ்டெப்னியின் எண்ணையும் பார்த்தேன்: 2014. அது அடுத்த சம்பளத்தில்.