வேலைக்குப் போகும் வழியில் எதிர்ப்படும் பறவைகளைப் படம் எடுப்பது பற்றி

செம்மண்பாதை எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் குடியிருந்துகொண்டு காரைக்குடியில் வேலை பார்க்கிறேன். பள்ளத்தூர், கோட்டையூர் வழியாக நாள்தோறும் இருசக்கர வண்டியில் போய்வரும்போது, பறவை பார்ப்பதற்கென்று தனியாக எங்கும் போகாமலேயே எத்தனையோ பறவைகள் கண்ணில் படுகின்றன. மின்கம்பியில் பனங்காடையும் கரிச்சானும், ஊருணிப் படிக்கட்டில் வெண்மார்பு மீன்கொத்தியும், மேயும் மாடுகளின் காலடியில் உண்ணிக்கொக்கும், பொட்டலில் ஆட்காட்டியும் பெரும்பாலும் இருக்கும். சரணாலயங்களுக்குப் போய்ப் படம் எடுப்பதில் எனக்கு அவ்வளவு நாட்டம் இல்லை. அன்றாடம் நாம் புழங்கும் இடத்தில் நம்மோடு வாழும் பறவைகளை, அவை எதிர்ப்பட்ட இடத்திலேயே, எதிர்ப்பட்டபடியே பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

என்னிடம் இருப்பது லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் கொண்ட ஒரு பழைய கேமரா. வண்டியை நிறுத்திப் பையிலிருந்து அதை எடுத்து ஜூமை நீட்டுவதற்குள் பறவை பறந்துவிடுகிறது. அப்படியே அகப்பட்டாலும், வானத்தைப் பின்னணியாகக் கொண்ட கரிச்சான் வெறும் கருப்பு உருவமாகவும், வெயிலில் நிற்கும் கொக்கு இறகுக்கோடு ஒன்றுகூடத் தெரியாத வெள்ளைத் திட்டாகவும் பதிவாகின்றன. கேமராவை மாற்றினால் இது சரியாகுமா, அல்லது வேறு ஏதேனும் பழக வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கண்மாய்க்கரை எழுதியது:

வணக்கம். இப்போதைக்குக் கேமராவை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் சொல்லும் சிக்கல்களில் பெரும்பாலானவை பறவையைப் பார்த்த நொடிக்கும் பொத்தானை அழுத்தும் நொடிக்கும் இடையில் நிகழ்பவை. அந்த இடைவெளியைக் குறைக்காமல் எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் பயன் இராது.

தற்செயலாக எதிர்ப்படும் பறவைக்கான ஏற்பாடுகளை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே செய்து முடித்திருக்க வேண்டும். கேமரா பைக்குள் இருக்கக் கூடாது. குறுக்குப் பட்டையில் கோத்து, கழுத்திலிருந்து தொங்கவிடாமல் தோள்வழியாக விலாப்பக்கம் இறுக்கமாக அமையும்படி மாட்டிக்கொண்டால், வண்டி ஓட்டவும் இடைஞ்சல் இல்லை, எடுக்கவும் ஒரே அசைவு போதும். தானாக அணைந்துபோகும் நேரத்தை அமைப்புகளில் கூட்டிவைத்து, ஊர் எல்லையைத் தாண்டியதும் கேமராவை உயிர்ப்பித்துவிடுங்கள். இத்தகைய கேமராக்கள் அணைந்த நிலையிலிருந்து விழித்து லென்ஸை நீட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே பாதிப் பறவைகள் போய்விடுகின்றன. உபரியாக ஒரு பேட்டரி சட்டைப்பையில் இருந்தால் அது தீர்ந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம்.

அடுத்தது ஷட்டர் வேகம். தானியங்கி முறையில் விட்டால் கேமரா தன் போக்கில் மெதுவான வேகத்தைத் தேர்ந்துகொள்ளும். ஷட்டர் வேகத்தை நாம் முடிவு செய்யும் முறைக்கு மாற்றி, அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/500 முதல் 1/1000 நொடி வரையிலும், பறக்கும் பறவைக்கு 1/2000 நொடிக்குக் குறையாமலும் வையுங்கள். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவைத் தானியங்கியாக விட்டு, அதற்கு உச்சவரம்பு மட்டும் இட்டுவிடலாம். உங்கள் கேமராவில் சென்சார் சிறியது என்பதால் 800-ஐத் தாண்டினாலே புள்ளிகள் தெரியத் தொடங்கும். ஆயினும் புள்ளி விழுந்த படத்தைத் திருத்திக்கொள்ளலாம், அசைந்து கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே 1600 வரை தயங்காமல் விடுங்கள். தொடர்ச்சியாகப் படம் பிடிக்கும் முறையையும், நடுவில் ஒரே ஒரு குவியப்புள்ளியையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். சுழல்வட்டில் சொந்த அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம் இருந்தால், அமர்ந்த பறவைக்கு ஒன்றும் பறக்கும் பறவைக்கு ஒன்றும் சேமித்துவிடலாம்.

கரிச்சானும் கொக்கும் கெடுவதற்குக் காரணம் ஒன்றே. காட்சி முழுவதையும் ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் கேமராவின் ஒளி அளவி முயல்கிறது. பின்னால் இருக்கும் வெளிறிய வானத்தை நடுத்தரமாக்கும்போது முன்னால் இருக்கும் கரிச்சான் இருண்டுபோகிறது. இருண்ட கருவேலம் புதரை நடுத்தரமாக்கும்போது அதன் முன்னால் நிற்கும் கொக்கு வெளுத்துப்போகிறது. வானத்தின் முன்னால் இருப்பதற்கு வெளிச்சத் திருத்தத்தை +1 அல்லது அதற்குச் சற்று மேல் கூட்டுங்கள், இருண்ட பின்னணியில் நிற்கும் வெள்ளைப் பறவைக்கு -0.7 அல்லது -1 குறையுங்கள். கரிச்சானின் வாயோரத்தில் கடுகளவு இருக்கும் வெள்ளைப் புள்ளி படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரிந்தால் இறகின் நீலப் பளபளப்பும் தெரியும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். காலை 9 மணிக்கு மேல் செம்மண் பொட்டலில் கானல் எழத் தொடங்கிவிட்டால், தொலைவில் உள்ள எந்தப் பறவையையும் கூர்மையாக எடுக்க இயலாது. இடையிலிருக்கும் காற்றே அலைவதால் அதை லென்ஸின் குறை என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஜூமைச் சுருக்கி, பறவையை அதன் இடத்தோடு சேர்த்து எடுங்கள். பூட்டிய பெரிய வீடொன்றின் முகப்பில், சாயம் மங்கிய சுதைப் பொம்மையின் தோளில் பச்சைக்கிளி உட்கார்ந்திருக்கும் படம், கிளியின் இறகை மட்டும் திரை நிறையக் காட்டும் படத்தைவிட எனக்குப் பல மடங்கு பெரியது. இங்கே எடுத்த படம் இங்கே எடுத்ததாகத் தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஆட்காட்டி எழுதியது:

கண்மாய்க்கரை ஐயா சொன்ன கேமரா செய்திகளோடு, பறவையின் இயல்பைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். நான் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்க்காரன்.

வண்டி நின்றதும் பறவை பறக்கிறது என்கிறீர்கள். ஓடும் வண்டியைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை, அது திடீரென்று எதிரே நிற்பதும் அதிலிருந்து ஓர் ஆள் இறங்கித் தங்களையே உற்றுப் பார்ப்பதும்தான் அவற்றை அச்சுறுத்துகின்றன. ஆகவே பறவையைக் கடந்து சற்றுத் தொலைவு போய், ஓரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு நேராக நெருங்காமல், அதைத் தாண்டி வேறெங்கோ போகிறவர்போல் சாய்வாக நடந்து, நின்று, மறுபடியும் நடக்க வேண்டும். அது தலையை உயர்த்தி உடலை ஒடுக்கிக்கொண்டாலோ, எச்சமிட்டுவிட்டு முன்புறம் சாய்ந்தாலோ பறக்கப்போகிறது என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள்.

பனங்காடை, கரிச்சான், பஞ்சுருட்டான், மீன்கொத்தி ஆகியவை எல்லாம் ஓரிடத்தில் அமர்ந்து இரைக்குக் காத்திருந்து, பாய்ந்து பிடித்து, பெரும்பாலும் அதே இடத்துக்கோ அருகிலுள்ள இன்னோர் இடத்துக்கோ திரும்பி வருபவை. பறந்துபோன பறவையைத் துரத்துவதைவிட அது விட்டுப்போன கிளையைக் குறிவைத்துக் காத்திருப்பது நல்லது. பஞ்சுருட்டான் தும்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பியதும் உடனே விழுங்காது, கிளையில் இரண்டு பக்கமும் அடித்துச் சாகடித்த பிறகே விழுங்கும். அந்தச் சில நொடிகளில் அதன் கவனம் முழுவதும் இரையில் இருப்பதால் உங்களுக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கும். பனங்காடை அமர்ந்திருக்கும்போது மங்கிய நிறமாகத்தான் தோன்றும், இறக்கையின் நீலம் விரியும்போதுதான் வெளிப்படும். அது கம்பியிலிருந்து தரையை நோக்கி இறங்கத் தொடங்கும் கணத்துக்கு 1/2000 நொடி அமைப்போடு காத்திருக்கலாம்.

நாள்தோறும் ஒரே வழியில் போகிறவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு சுற்றுலாவாக வருகிறவருக்குக் கிடைக்காது. எந்தக் கம்பத்தில் எது உட்காரும், எந்த மாதத்தில் ஊருணி வற்றும், எந்தப் பக்கம் காலை வெயில் விழும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துபடியாகிவிடும். போகும்போது சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும் இடங்களைக் காலைக்கும், திரும்பும்போது அப்படி அமையும் இடங்களை மாலைக்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கோடையில் பொட்டல் வழியே நடக்கும்போது ஆட்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால், அது உங்களுக்குப் படம் காட்டவில்லை. கூழாங்கற்களோடு வேறுபாடு தெரியாத முட்டைகள் உங்கள் காலடிக்கு அருகில் எங்கோ இருக்கின்றன என்று அதற்குப் பொருள். உடனே வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் நின்று படம் எடுக்கும் நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் கிடக்கும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

வளவுவாசல் எழுதியது:

செம்மண்பாதை சகோதரருக்கு வணக்கம். நான் கேமரா வைத்திருப்பவள் அல்லள், கைப்பேசியில் மட்டுமே எடுப்பவள். எனினும் இதுவரை யாரும் தொடாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊருணிப் படிக்கட்டில் மீன்கொத்தி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே படிக்கட்டில் பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். எதிர்க்கரையில் ஒருவர் நீண்ட லென்ஸைத் தூக்கிப் பிடித்தால், அவர் பறவையைத்தான் எடுக்கிறார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆள் புழக்கம் உள்ள நேரத்தில் கேமராவை வெளியில் எடுக்காமல் இருப்பதும், ஊரில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே அறிமுகம் செய்துகொண்டு எடுத்த படங்களைக் காட்டுவதும் உங்களுக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது. படத்தைப் பார்த்த ஆச்சிமார்களே, எந்த மரத்தில் என்ன குருவி வருகிறது என்று மறுநாள் கூப்பிட்டுச் சொல்வார்கள். பூட்டியிருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கலாம், ஆனால் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் காம்பவுண்டுக்குள் கால் வைக்க வேண்டும்.

படம் எடுக்கும் இடமாக வீட்டையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் இரண்டாம் கட்டில் தாழ்வாரத்துப் படச்சட்டங்களுக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு வைக்கும். தோட்டத்துச் செம்பருத்திக்கு ஊதாத் தேன்சிட்டு வரும். கம்பி சன்னலுக்கு உட்புறம் நிழலில் நின்றால் பறவைகள் நம்மைப் பொருட்படுத்துவதே இல்லை. கைப்பேசியில் டிஜிட்டல் ஜூமை முழுவதும் இழுக்காமல் வீடியோவாக எடுத்து, பிறகு தெளிவான ஒரு காட்சியைப் பிரித்துக்கொள்வது எனக்குப் பழகிப்போன முறை.

பின்கட்டு மரநிழலில், கொட்டிக்கிடக்கும் சருகைப் பெருக்காமல் விட்டதால் ஆறுமணிக்குருவி வந்தது. வடக்கே இனப்பெருக்கம் முடித்துக்கொண்டு குளிர்காலத்துக்கு நம் பக்கம் வரும் பறவை அது. சருகைக் கிளறிப் புழு பொறுக்கும்போது குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும், வயிற்றடியின் சிவப்பு அப்போதுதான் நன்றாகத் தெரியும். கதவின் பின்னால் நின்று எடுத்த படம் மங்கல்தான், ஆனால் பார்த்தவர் எல்லாரும் எந்தப் பறவை என்று சொல்லிவிட்டார்கள்.

செம்மண்பாதை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஊருணி பற்றிச் சகோதரி எழுதியது என் சிந்தனையிலேயே இல்லாத ஒன்று, கட்டாயம் கடைப்பிடிப்பேன். இன்னொரு கேள்வி. எங்கள் தெருவில் பூட்டிய வீடொன்றின் மச்சில் கூகை என்னும் ஆந்தை குடியிருக்கிறது. அந்தி மயங்கியதும் வெளியே வருகிறது. பிளாஷ் போட்டு எடுக்கலாமா? எடுத்தால் இடத்தைக் குறிப்பிட்டு இணையத்தில் பகிரலாமா?

ஆட்காட்டி எழுதியது:

பிளாஷ் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அவ்வளவு ஒளி பாய்ந்தால் பறவை தடுமாறும், அந்த நேரத்தில் அது இரை தேடக் கிளம்பிக்கொண்டிருக்கும். தெருவிளக்கு வெளிச்சத்தில், கேமராவைச் சுவரில் சாய்த்து, 1/60 நொடி போன்ற மெதுவான வேகத்தில், அது அசையாமல் அமர்ந்திருக்கும்போது எடுத்துப் பாருங்கள். கிடைப்பது கிடைக்கட்டும்.

இடத்தைக் குறிப்பிடவே வேண்டாம். ஆந்தைகளைப் பிடித்து மாந்திரீகத்துக்கென்று விற்பவர்கள் இருக்கிறார்கள், கூகையின் குரலை அபசகுனம் என்று விரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எலியைப் பெருமளவில் தின்னும் பறவை அது என்பதை உங்கள் தெருக்காரர்களுக்கு எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். கைப்பேசியில் எடுக்கும் படத்தோடு இருப்பிடத் தகவலும் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால், பகிர்வதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். கூட்டையும் முட்டையையும் கலைப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. மச்சில் குஞ்சு இருக்கும் காலத்தில் ஏணி வைத்து எட்டிப் பார்ப்பதும் அதில் அடங்கலாம்.

எங்கள் பக்கத்தில் உள்ள வேட்டங்குடி சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலயத்தில் நாட்டம் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தாலும், நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒருமுறை கரையிலிருந்து பாருங்கள். உங்கள் கண்மாயில் தனியாக மேயும் நத்தைகுத்தி நாரை அங்கே கூட்டமாக எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால், வழியில் அதைப் படம் எடுப்பது எளிதாகும்.

சகோதரி எடுத்த ஆறுமணிக்குருவிப் படம் மங்கலாக இருந்தாலும் பயனுள்ளது. பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் நாள், நேரத்தோடு பட்டியல் இட்டு, அதனுடன் இணைத்தால் பதிவுக்கு அதுவே சான்று. பொங்கல் விடுமுறையில் ஆண்டுதோறும் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் 15 நிமிடங்கள் நின்று பார்த்த பறவைகளை எல்லாம் அதே தளத்தில் பதிவிட்டால் போதும். பள்ளத்தூருக்கும் கோட்டையூருக்கும் இடையில் நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு வரும் பொங்கலுக்குச் சேர்ந்துவிடுங்கள். பட்டியல் இடுவதில் ஐயம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.