பெங்களூருவில் தொட்டுப் பழகும் பறவைப் பூங்கா: எங்கள் அனுபவம்

விலங்குகளைப் பார்க்கக் கிளம்புகிறோம் என்றால் எங்கள் வீட்டில் அது பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவைத்தான் குறிக்கும். அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதுகூடப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. உயிரியல் பூங்காக்களில் விலங்குகளைச் சீண்டுவதையும் அவற்றுக்குத் தீனி போடுவதையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. அப்படியிருக்க, பறவைகள் கையிலேயே வந்து உட்காரும் தனியார் பூங்கா ஒன்று நகரத்துக்கு வெளியே இருப்பதாக உறவினர் சொன்னபோது, பிள்ளைகளுக்கு ஆசையும் எனக்குத் தயக்கமும் ஒருசேர வந்தன. அந்த உயிர்களுக்கு நம்மைத் தொட விருப்பம் உண்டா என்பதுதான் என் கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம்.

உள்ளே விடுவதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லி, தோடு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைக்கச் சொன்னார்கள். மின்னும் எதையும் கிளிகள் அலகால் இழுத்துப் பார்க்குமாம். மூக்குத்தியைக் கழற்ற அம்மாவுக்கு மனம் வரவில்லை. பராமரிப்பாளர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ் பேசும் இளைஞர், வற்புறுத்தாமல், "அப்படின்னா கிளிங்க பக்கம் வேண்டாம்மா, நீங்க முயல் பக்கம் இருங்க" என்று சொல்லிவிட்டார்.

முதலில் சன் கொன்யூர் கிளிகள் இருந்த வலைக்கூடத்துக்குள் போனோம். சூரியகாந்தி விதை நிரம்பிய தட்டைப் பிடித்ததுதான் தாமதம், மஞ்சளும் ஆரஞ்சுமாக அவை மகனின் முழங்கையிலிருந்து தோள்வரை வரிசையாக இறங்கின. முன்னே இரண்டு, பின்னே இரண்டு என விரல்கள் அமைந்த அந்தக் கால்கள் சட்டைத் துணியைப் பற்றும்போது லேசாகக் குத்தின. நாக்கால் விதையை உருட்டி, அலகின் விளிம்பில் நிறுத்தி, நொடியில் பிளந்து, பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தோலை அவன் கைமேலேயே உதிர்த்தன. தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த இந்த இனம், சொந்தக் காட்டில் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. உலகம் முழுவதும் கூண்டுகளிலோ ஏராளமாக வளர்கிறது. அது தெரிந்த பிறகு அந்த மகிழ்ச்சியை முழுதாக அனுபவிக்க என்னால் முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீலமும் மஞ்சளுமான மக்காவ் என்ற பெரிய கிளியிடம் நடந்ததுதான் எல்லோரிடமும் சொல்ல நினைப்பது. மகள் ஆசையோடு கையை நீட்டினாள். அது கழுத்து இறகுகளைச் சிலிர்த்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்தது. அதன் கண்மணி சட்டென்று சுருங்கி விரிந்தது. "அதுக்கு இப்ப மனசில்ல பாப்பா, கையை எடுத்துடு" என்ற பராமரிப்பாளர், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஆயிற்றே என்று பார்த்துப் பறவையைத் தூக்கி அவள் கையில் திணிக்கவில்லை. அவள் முகம் வாடியது. ஆனாலும் அதே இடத்தில் கையைத் தொங்கவிட்டு நின்றாள். சற்று நேரத்தில் அது தானாகக் கிளையோடு நகர்ந்து வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, முதலில் அலகை அவள் மணிக்கட்டின் மேல் வைத்து அழுத்தியது. கடிக்க வருகிறது என்று நினைத்துப் பெரும்பாலோர் கையை உதறிவிடுவது இந்த நொடியில்தானாம். உண்மையில், ஏறப்போகும் கிளை தன்னைத் தாங்குமா என்று கிளி சோதித்துப் பார்ப்பதே அப்படித்தான். மகள் அசையவில்லை. சுமார் ஒரு கிலோ எடையுள்ள அந்தப் பறவை அடுத்த காலடியில் அவள் கையில் இருந்தது.

பந்து மலைப்பாம்பையும் பார்த்தோம். பயந்தால் தலையை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க இனம் அது. தோல் வழவழப்பாக இல்லாமல் உலர்ந்து இருந்ததில் மகனுக்கு வியப்பு.

அம்மாவோ கினிப் பன்றிகளை விட்டு நகரவே இல்லை. குடைமிளகாயை ஒடிக்கும் சத்தம் கேட்டதும் அவை கூட்டமாகக் கீச்சிட்டு ஓடிவந்தன. நம்மைப் போலவே அவற்றின் உடலும் வைட்டமின் சி-யை உண்டாக்காது என்பதால், தினமும் அப்படிப்பட்ட காய்கள் கொடுத்தாக வேண்டுமாம். பக்கத்தில் ஒரு பையன் முயலைக் காதைப் பிடித்துத் தூக்கப்போனான். பராமரிப்பாளர் ஓடிவந்து தடுத்தார். பின்கால்களைத் தாங்காமல் தூக்கினால், திமிறி உதைக்கும் வேகத்திலேயே முயலின் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும். பிள்ளையிடம் முயலைக் கொடுக்கும் முன் எந்தப் பெற்றோரும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நம் ஊர்ப் பச்சைக்கிளி எங்கே என்று அம்மா கேட்டார். ஆரணியில் தாத்தா வீட்டுத் திண்ணையில் கூண்டுக்கிளி இருந்ததாம். அதை வளர்ப்பது இப்போது சட்டப்படி குற்றம் என்று விளக்கிய பராமரிப்பாளர், வெளிநாட்டுக் கிளிகளிலும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்ததையும் சொன்னார். மக்காவ் ஒன்று வாங்கலாமா என்ற மகனுக்கு, அது 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்ற ஒரு தகவலே போதுமான பதிலாக இருந்தது.

நண்பகலுக்குப் பிறகு கூட்டம் நெரிந்தது. அப்போது கொன்யூர்களில் பல, ஆட்கள் எட்ட முடியாத உயரத்தில் கட்டியிருந்த கயிறுகளுக்குப் பறந்து போய்விட்டன. யாரும் அவற்றைக் கீழே அழைக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் அந்தக் கயிறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் காக்கட்டூ என்ற கொண்டைக்கிளி இருக்கும் பக்கம் போக வேண்டாம். அதன் இறகிலிருந்து உதிரும் மாவு போன்ற தூள் மூச்சுத்திணறலைத் தூண்டலாம். என் கணவர் அதனால்தான் அந்தக் கூடத்துக்கு வெளியிலேயே நின்றார். அடுத்த முறை பள்ளி விடுமுறையில், வேலைநாள் காலையாகப் பார்த்துப் போகலாம் என்றிருக்கிறோம்.