பொருள்: மறு: 'லிங்க் ராட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் வெளி இணைப்புகளைச் சரிபார்க்கும் தானியங்கியின் (தானே தொகுக்கும் நிரலின்) உதவிப் பக்கத்தைத் தமிழாக்கும் வேலை நடக்கிறது. 'டெட் லிங்க்' என்பதற்கு 'தொடர்பிழந்த இணைப்பு' ஏற்கெனவே வார்ப்புருவாக (பக்கங்களில் ஒட்டும் ஆயத்தக் குறிப்பாக) ஓடுகிறது, அதைத் தொட வேண்டாம். இப்போது கேட்பது நிலைக்குப் பெயர் அல்ல, போக்குக்குப் பெயர். ஆண்டுகள் போகப் போக மேற்கோள்களில் உள்ள இணைப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டே வருவதை 'லிங்க் ராட்' என்கிறார்கள். இணைப்பழுகல், இணைப்புச் சிதைவு, இணைப்பு இற்றுப்போதல் என்று மூன்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்றிலும் மனம் ஒப்பவில்லை.

————

> இணைப்பழுகல், இணைப்புச் சிதைவு, இணைப்பு இற்றுப்போதல்

முதலாவது நாறுகிறது, விட்டுவிடுவோம். 'சிதைவு' கதிரியக்கத்திலும் தரவு கெட்டுப்போவதிலும் ஏற்கெனவே புழங்குகிறது. அங்கெல்லாம் பொருளே குலைகிறது. இங்கே முகவரியில் ஓர் எழுத்துகூடக் கெடுவதில்லை, மறுமுனைதான் இல்லாமல் போகிறது.

'இற்றுப்போதல்' நல்ல சொல்தான். ஆனால் விக்கியில் 'இற்றைப்படுத்து' என்று நாள்தோறும் எழுதுகிறோம். தொகுத்தல் சுருக்கத்தில் 'இற்ற இணைப்புகள் 14' என்று தானியங்கி எழுதினால், பாதிப் பேர் பதினான்கு இணைப்புகளைப் புதுப்பித்திருக்கிறது என்றுதான் படிப்பார்கள்.

என் பரிந்துரை 'இணைப்பு நைவு'. வேட்டி ஒரே நாளில் கிழிவதில்லை, நைந்து நைந்துதான் கிழிகிறது. வினையாகவும் நன்றாக ஓடும்: நைகிறது, நைந்தது, நைந்த இணைப்பு, நைவு விகிதம்.

————

ஈழத்தில் 'லிங்க்' என்பதைத் தொடுப்பு என்றும் எழுதுகிறோம். 'தொடுப்பு நைவு' ஓசைக்கும் நன்றாக இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?

————

தமிழ்நாட்டில் 'அவருக்கு ஒரு தொடுப்பு இருக்கிறது' என்றால் வேறு பேச்சு ஐயா! அதோடு நைவும் சேர்ந்தால் உதவிப் பக்கம் குடும்ப வழக்காகிவிடும். கட்டுரைகளின் அடியில் 'வெளி இணைப்புகள்' என்ற தலைப்பு நிலைபெற்றுவிட்டது, இணைப்பே இருக்கட்டும்.

'நைவு' எனக்கு உடன்பாடு. ஆனால் ஒரு சொல்லோடு இந்தத் திரியை முடித்துவிடக் கூடாது. தானியங்கி இயக்குபவருக்கு உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'தொடர்பிழந்த இணைப்பு' என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு நிலைகளை அடைத்து வைத்திருக்கிறோம். நான்குக்கும் தானியங்கி செய்ய வேண்டியது வேறு வேறு.

முதலாவது எளிது. வழங்கி (தளத்தைத் தரும் கணினி) 404 அல்லது 410 என்று 'பக்கம் இல்லை' குறியெண் தருகிறது, அல்லது ஆள்களப் பெயரே (தளத்தின் முகவரிப் பெயரே) இல்லை. 2009 அக்டோபரில் யாகூ மூடிய ஜியோசிட்டீஸ் இந்த வகை. இதிலும் ஒரே சோதனையில் முடிவுகட்டக் கூடாது. பைவிக்கிபாட் என்ற தானியங்கி நிரல்தொகுப்பில் உள்ள வெப்லிங்க்செக்கர், குறைந்தது ஒரு வார இடைவெளியில் மறுபடியும் தவறினால்தான் புகாரளிக்கும். இணைப்புகளைப் பழுதுபார்க்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் பாட் என்ற தானியங்கி மூன்று முறை பார்க்கும். 503, பதில் வராமல் நேரம் முடிதல், காலாவதியான சான்றிதழ் எல்லாம் தற்காலிகக் கோளாறுகள். 403 ('அனுமதி இல்லை') அதைவிட மோசம், தானியங்கி என்று தெரிந்து கதவைச் சாத்தும் தளங்கள் தருவது அது. இந்திய அரசுத் தளங்கள் சில வெளிநாட்டு ஐபி முகவரிகளை மறிக்கின்றன. தானியங்கி அமெரிக்காவில் உள்ள வழங்கியிலிருந்து பார்த்தால் செத்தது என்று சொல்லும், மதுரையிலிருந்து பார்த்தால் பக்கம் திறக்கும். இவற்றுக்கு 'எட்டாத இணைப்பு' என்று தனிப் பெயர் வைத்து, வார்ப்புரு இடாமல் பேச்சுப் பக்கத்தில் மட்டும் குறிக்கலாம்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் 'சாஃப்ட் 404' எனப்படுவது. பக்கம் போய்விட்டது, ஆனால் வழங்கி 200 ('எல்லாம் சரி') என்று பொய் சொல்கிறது அல்லது முகப்புக்குத் திருப்பிவிடுகிறது. செய்தித்தளங்கள் வடிவமைப்பை மாற்றும்போதெல்லாம் இது கொத்துக் கொத்தாக வரும். கண்டுபிடிக்க வழி உண்டு. அதே அடைவில் (கோப்புறையில்) இருக்கவே முடியாத ஒரு கோப்புப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் அதே 200, அதே நீளம், அதே திருப்புமுகவரி வந்தால் முதல் பக்கமும் இல்லை என்று கொள்ளலாம். இதற்கு 'பொய் 200' போதும்.

மூன்றாவதுதான் ஆபத்து. ஆள்களப் பெயர் காலாவதியாகி, வேறொருவர் வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார். 200 வரும், பக்கமும் நிரம்பியிருக்கும், தானியங்கிக்குத் தானாகத் தெரியாது. மனிதர் பார்த்து ஆள்களப் பட்டியல் தர வேண்டும். மேற்கோள் வார்ப்புருவில் இந்த நிலையைக் குறித்தால் மூல முகவரி வாசகருக்குத் தெரியாது, காப்பகப் படி (சேமித்து வைத்த பழைய நகல்) மட்டுமே தெரியும். இதை 'கைமாறிய இணைப்பு' எனலாம்.

நான்காவது, முகவரி அதே, தளம் அதே, உள்ளடக்கம் மட்டும் மாறிவிட்டது. மக்கள்தொகைப் பக்கம் புதிய கணக்கெடுப்புக்கு மாறினால் பழைய எண்ணுக்குச் சான்று போயிற்று. 'நழுவிய இணைப்பு' என்று சொல்லிப் பார்க்கிறேன்.

————

> கைமாறிய இணைப்பு

இது அருமை, விளக்கமே வேண்டாம்.

> நழுவிய இணைப்பு

நழுவியது இணைப்பு அல்லவே, உள்ளடக்கம். 'உள்ளடக்க நழுவல்' என்று போக்குக்கு மட்டும் பெயர் வைப்போம். தானியங்கியால் இதைப் பழுதுபார்க்க முடியாது, ஆகவே நிலைப்பெயர் இப்போது அவசரமில்லை. 'பொய் 200' பேச்சுக்குச் சரி, பகுப்புப் பெயராக எண் வேண்டாம். 'பொய்ப்பக்க இணைப்பு'?

இன்னொன்று, காப்பகப் படிக்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். நம் வார்ப்புருக்கள் 'பரணிடப்பட்டது' என்றுதான் காட்டுகின்றன, பழைய வலைப்பக்கங்களின் நகல்களைச் சேர்த்துவைக்கும் வேபேக் மெஷினை 'வந்தவழி இயந்திரம்' என்கின்றன. உடனே வேண்டாவிட்டாலும் பின்னால் உதவும் என்று ஏற்றி வைக்கும் இடம் பரண், இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. அதிலிருந்தே 'பரண் இணைப்பு', 'பரண் நாள்', 'பரணிடு' என்று குடும்பமாக எடுத்துக்கொள்ளலாம்.

சொல்லை ஏற்றுக்கொண்டாலும் வார்ப்புருவில் அது நிற்க வேண்டும். இப்போது பல கட்டுரைகளில் தேதிக்கும் 'வந்தவழி இயந்திரம்' என்பதற்கும் நடுவே 'அட் த' என்ற ஆங்கிலம் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆங்கில வார்ப்புரு முன்னிடைச்சொல்லைத் தனித் துண்டாக வைத்திருக்கிறது. நமக்கு அது பெயருக்குப் பின்னால் 'இயந்திரத்தில்' என்று ஒட்ட வேண்டும். துண்டை மொழிபெயர்த்தால் தீராது, வரிசையையே மாற்ற வேண்டும்: 'வந்தவழி இயந்திரத்தில் 2013-03-06 அன்று பரணிடப்பட்டது'.

————

பொய்ப்பக்க இணைப்பு சரி. உதவிப் பக்கத்தில் சேர்க்க வேண்டிய இரண்டு செய்திகள்.

பரண் படியைத் தேர்ந்தெடுக்கும்போது மிகப் புதிய படியை எடுக்கக் கூடாது. அது பெரும்பாலும் 404 பக்கத்தின் படியாகவோ கைமாறிய தளத்தின் படியாகவோ இருக்கும். மேற்கோளில் உள்ள 'பார்த்த நாள்' எதுவோ அதற்கு அருகில் உள்ள படிதான் வேண்டும். பார்த்த நாள் இல்லையென்றால் வரலாற்றில் அந்த முகவரி சேர்க்கப்பட்ட நாள். வந்தவழி இயந்திர முகவரியின் நடுவில் உள்ள 14 இலக்கங்களில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் இருக்கின்றன. தானியங்கி அதையே ஒப்பிடலாம்.

அடுத்தது தமிழ் முகவரிகளுக்கே உரிய தொல்லை. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு, விழுக்காட்டுக் குறியோடு எழுதினால் ஒன்பது எழுத்து. 'தமிழ்' என்ற சொல் மட்டும் 45 எழுத்து பிடிக்கும். பார்க்க அழகாக இல்லை என்று சில தானியங்கிகள் இதைத் தமிழ் எழுத்தாக மாற்றிச் சேமிக்கின்றன. அங்கேதான் இணைப்பு அறுகிறது. 'கொ' போன்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி சேமிக்கும்போது ஒற்றைக் குறியீடாக மாற்றிவிடும். மறுமுனையில் கோப்புப் பெயர் இரட்டைக் குறியீட்டில் இருந்தால் 404 வரும். உயிரோடிருந்த இணைப்பைப் பராமரிக்கப் போன தானியங்கியே கொன்றதாகிவிடும். விழுக்காட்டுக் குறி முகவரிகளை இருந்தபடியே விடுக.

பழைய செய்தித்தாள் பக்கங்கள் யூனிகோடுக்கு முந்தைய தனி எழுத்துருக்களில் இருப்பதால், பரண் படி கிடைத்தாலும் திரையில் கிறுக்கலாகத் தெரியும். அது நைவு அல்ல, எழுத்துருச் சிக்கல். யாராவது 'தொடர்பிழந்த' வார்ப்புரு இட்டிருந்தால் நீக்கிவிட்டு, எந்தக் குறியாக்கம் என்று பேச்சுப் பக்கத்தில் எழுதினால் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

————

ஏற்றுக்கொண்டவை: இணைப்பு நைவு, எட்டாத இணைப்பு, பொய்ப்பக்க இணைப்பு, கைமாறிய இணைப்பு, உள்ளடக்க நழுவல், பரண் இணைப்பு. 'தொடர்பிழந்த இணைப்பு' வார்ப்புருவின் பெயரை மாற்றவில்லை. தானியங்கியின் அமைப்புகளில் அந்தப் பெயர்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது, நகர்த்தினால் அது வார்ப்புருவை அடையாளம் காணாமல் பக்கத்தில் இரண்டாவது முறையும் ஒட்டும். எட்டாத இணைப்புக்கு வார்ப்புரு இல்லை; பொய்ப்பக்க, கைமாறிய இணைப்புகள் இரண்டுக்கும் அதே வார்ப்புருவில் 'காரணம்' என்ற அளவுரு சேர்த்துப் பகுப்புகளைப் பிரிக்கிறேன். முதல் ஓட்டம் மணல்தொட்டியில் (சோதனைப் பக்கத்தில்), தொகுப்புக்குப் பத்து நொடி இடைவெளியில். ஒகர ஓகார முகவரிகள் உள்ள கட்டுரைகள் யாரிடமாவது பட்டியலாக இருந்தால் அனுப்புங்கள், அவற்றில்தான் முதலில் சோதிக்க வேண்டும்.