அமெரிக்கன் சிங்கிள் மால்ட் விஸ்கி குடிச்சவங்க வந்து அனுபவத்தச் சொல்லுங்க

டென்வர்க்காரன்:
அமெரிக்க மக்காச்சோள விஸ்கி போர்பன் தெரியும், ஸ்காட்லாந்து விஸ்கி ஸ்காட்ச் தெரியும், நடுவுல அமெரிக்கன் சிங்கிள் மால்ட்னு ஒண்ணு கடையில தனி ரேக் புடிச்சு உக்காந்திருக்கு, நம்மாளுங்க யாரும் அதைப் பத்தி வாயே தெறக்கறதில்ல, அதான் ஆரம்பிச்சு வைக்கிறேன். 2025 ஜனவரில இருந்து சட்டப்படியே தனி வகை ஆயாச்சு. முழுக்க முளைகட்டின பார்லி (அதான் மால்ட்), ஒரே டிஸ்டிலரில (சாராய ஆலைல) காய்ச்சினது, ஊறினதும் அமெரிக்காவுலயே, 700 லிட்டருக்கு மேல போகாத ஓக் பேரல், பாட்டில்ல ஆல்கஹால் 40 சதவீதத்துக்கு கொறையக்கூடாது. போர்பனுக்கு உள்பக்கம் கரிச்ச புது பேரல்தான் கட்டாயம், இதுக்கு அந்தக் கட்டாயம் இல்ல, ஷெர்ரி ஒயின் வச்சிருந்த பேரலோ பழைய போர்பன் பேரலோ அவனவன் இஷ்டம். அதனாலதான் ரெண்டு கம்பெனி பாட்டில பக்கத்துல வச்சு குடிச்சா ஒரே வகைன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப முடியாது.

எங்க ஊரு ஸ்ட்ரானஹான்ஸ் டிஸ்டிலரி 2004லயே ஆரம்பிச்சது. பாட்டில் தலையில ஒரு குட்டி டம்ளர கவுத்து வச்சிருப்பான், அதுலயே ஊத்திக்கலாம். டிசம்பர்ல ஸ்னோஃப்ளேக்னு ஒண்ணு விடுவாங்க, வருஷா வருஷம் பேரல் கலவை மாறும், அதுக்கு ஜனங்க டென்ட் அடிச்சு ராத்திரியெல்லாம் குளிர்ல கெடப்பாங்க. நானும் கெடந்தேன். க்யூல முன்னாடி நின்ன ஒரு பெரியவரு பழைய வருஷத்து பாட்டில தொறந்து சுத்தி இருந்தவங்களுக்கெல்லாம் ஒரு மொடக்கு ஊத்தினாரு, அந்தக் குளிர்ல மூக்குக்கு ஒண்ணுமே எட்டல, அவருதான் உள்ளங்கையில பொத்தி வை தம்பின்னு சைகை காட்டினாரு, ஒரு ரெண்டு நிமிஷம் போன பெறகு செர்ரி, அப்புறம் வெண்ணிலா, ஒண்ணொண்ணா வந்துச்சு.

மழைநகரம்:
சியாட்டில்ல இருந்துட்டு எங்க ஊரு வெஸ்ட்லாண்ட் டிஸ்டிலரி பத்தி பேசாம போக முடியுமா. ஸ்காட்லாந்துல பெரும்பாலும் ஒரே வகை வெளிர் மால்ட்தான், இவங்க வழக்கமா அஞ்சு வகை கலப்பாங்க, ஸ்டவுட்ங்கற கருப்பு பீருக்குப் போடற அந்த வறுத்த சாக்லேட் மால்ட் உள்பட, ஈஸ்ட்டும் பெல்ஜியன் பீர் ஈஸ்ட். அது வாசனையிலயே தெரியும், முதல்ல ஆரஞ்சுத் தோல், பின்னாடியே காபிக்கொட்டை வறுக்கற வாடை. பேரல்ல இருந்து வர்ற ருசி வேற, தானியத்துல இருந்து வர்ற ருசி வேறன்னு எனக்கு நல்லா புரிஞ்சது இதுலதான்.

ஆனா காசு இருந்தா இவங்களோட கேரியானா ஒரு தடவ குடிச்சுப் பாருங்க. அந்தப் பக்கத்துலயே வளர்ற கேரி ஓக் மரத்துல செஞ்ச பேரலும் சேத்து ஊற வைக்கிறது. கிராம்பு, கருவெல்லப்பாகு, லேசா பொகை, இதெல்லாம் எங்கேந்து வந்துச்சுன்னு கிளாஸையே மொறச்சுப் பாத்துட்டு இருந்தேன். மரம்தான் காரணமாம்.

சும்மா_ஒரு_பெக்:
எல்லாரும் இப்படி உருகுறீங்க, என் அனுபவம் வேற. பேர் வேணாம், ஒரு சின்ன டிஸ்டிலரி சரக்கு 75 டாலர் குடுத்து வாங்கினேன், மூக்குல ஸ்பிரிட் ஏறுது, நாக்குல பலகைய நக்கின மாதிரி ஒரு துவர்ப்பு, அவ்ளோதான். அப்புறம் தேடிப் பாத்தா ரொம்பச் சின்ன பேரல்ல ஊற வச்சது. சின்ன பேரல்ல மரத்தோட சாறு சீக்கிரம் எறங்கிடும், ஆனா ஸ்பிரிட்டோட முரட்டுத்தனம் அடங்க காலம்தான் வேணும், அதுக்கு குறுக்கு வழி கெடையாது. லேபிள்ல வயசு போடலன்னா ரெண்டு தடவ யோசிங்க.

டெக்சாஸ்தமிழன்:
அதுக்காக வயச மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்க பாஸ். பால்கோனஸ் டிஸ்டிலரி டெக்சாஸ் வேக்கோவுல இருக்கு, மே மாசத்துக்கு மேல அங்க வெயில் எப்படின்னு கேக்கவே வேணாம். ஸ்காட்லாந்துல பேரல்ல இருந்து வருஷத்துக்கு 2 சதவீதம்தான் ஆவியாகும், நம்ம பெங்களூரு அம்ருத் டிஸ்டிலரில 10க்கு மேலன்னு சொல்வாங்க, டெக்சாஸும் அந்த ஜாதிதான், கொஞ்ச வருஷத்துலயே ருசி கெட்டியாயிடும். 2012ல லண்டன்ல பேர மறைச்சு ருசி பாக்கற ப்ளைண்ட் டேஸ்டிங்ல இவங்க சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சயெல்லாம் தாண்டி ஜெயிச்சுது, வயசப் பாத்திருந்தா குடுத்திருப்பானா? ஆல்கஹால் 53 சதவீதம், கொஞ்சம் தண்ணி விட்டே ஆகணும். ஸ்பூன்ல சொட்டு சொட்டா விடுங்க. முதல்ல எரிச்சல் போகும், அப்புறம் வாழப்பழம், தேன் எல்லாம் மேல வரும். ஐஸ் போட்டா வாசனை அடங்கிடும், ஆனா வெளிய 40 டிகிரி அடிக்கறப்ப நான் போடுவேன், யாரும் போலீஸ் இல்ல.

ராம்நாட்டான்:
நான் சொன்னா சிரிப்பீங்க. அரிசோனா டூசான்ல டெல் பாக்னு ஒரு டிஸ்டிலரி, அவங்க டொராடோங்கற மால்ட்டுக்கு பார்லிய ஸ்காட்லாந்து மாதிரி பீட் (சதுப்பு நிலத்துல வெட்டி எடுத்து எரிக்கற மக்குன மண்ணு) பொகையில காய வைக்கிறதில்ல, மெஸ்கீட் வெறகுப் பொகையில காய வைக்கிறாங்க. ஆரம்பிச்சவரு மெஸ்கீட் மரத்துல மேஜை நாற்காலி செஞ்சிட்டு இருந்தவரு, மிச்சத் துண்டுகள போட்டு கறி சுடறப்ப வீட்டம்மா கேட்டாங்களாம், பீட்டுக்கு பதிலா இதுலயே மால்ட்ட காய வச்சா என்னன்னு. அந்த மெஸ்கீட் வேற யாரும் இல்லீங்க, நம்ம சீமைக்கருவேலத்தோட பங்காளி!

டேஸ்டிங் ரூம்ல அந்தப் பொண்ணு கிளாஸ நீட்டுது, கேம்ப்ஃபயர் மாதிரி இருக்கும்னு சொல்லுது, எனக்கு கேம்ப்ஃபயரும் வரல ஒண்ணும் வரல, பரமக்குடி தாண்டி ரோட்டோரம் கரிமூட்டம் போடுவானே, மண்ணு மூடி நாள்கணக்கா பொகஞ்சிட்டு கெடக்குமே, அந்த வாடைதான். பீட்ல ஆஸ்பத்திரி மருந்து வாடை ஒண்ணு இருக்கும், இதுல அது சுத்தமா இல்ல, பொகைக்குள்ளயே ஒரு இனிப்பு. எங்க ஊர்ல அந்த மரத்த திட்டாத ஆளே கெடையாது, கோர்ட்டு வரைக்கும் போயி வெட்டச் சொன்ன மரம், இங்க அதோட பங்காளி பொகைய காசு குடுத்து மோந்து பாக்குறேன்.

சும்மா_ஒரு_பெக்:
அண்ணே, அந்த ஒரு பதிவுக்காகவே இன்னொரு பாட்டில் ரிஸ்க் எடுக்கலாம்னு தோணுது. டொராடோ நியூஜெர்சி பக்கம் எங்கயாச்சும் கெடைக்குமா? இல்ல மினியேச்சர் பாட்டில் வருதா? முழு பாட்டில் வாங்கி மறுபடி மாட்டிக்க நான் தயாரா இல்ல.

ராம்நாட்டான்:
நான் டூசான்லயே வாங்கிட்டேன் தம்பி, நியூஜெர்சி நெலவரம் அங்க இருக்கறவங்கதான் சொல்லணும். மொதல்ல ஏதாச்சும் நல்ல பார்ல ஒரு அரை பெக் கேட்டுப் பாருங்க.