08 08 08: பிளாக் அளவு பொருந்தாமல் போன அனுபவங்கள்

கரையோரப் பொறியாளர்:
லினக்ஸின் மையமான கெர்னலில் செக்டர் (வட்டின் முகவரிகளை எண்ணும் அலகு) என்றால், வன்பொருள் எதுவானாலும், 512 பைட்தான் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் 4096 பைட் பிளாக் (சாதனம் ஒரு முகவரியில் கையாளும் அளவு) கொண்ட ஒரு ஃபிளாஷ் சாதனத்துக்கு டிரைவர் (அதை இயக்கும் நிரல்) எழுதியபோது, கோரிக்கையின் நீளத்தை 4096-ஆல் வகுத்த நான், தொடக்க முகவரியை மட்டும் கெர்னல் 512 பைட் கணக்கில் கொடுத்தபடியே சாதனத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு பிளாக்காக எழுதிப் படிக்கும் சோதனை இரவு முழுவதும் பிழையின்றி ஓடியது. எழுதும்போது எந்தத் தவறான இடத்துக்குப் போனதோ, படிக்கும்போதும் அதே இடத்துக்கே போனது.

மறுநாள் ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தபோது ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை. ஒவ்வொரு பிளாக்கிலும் அதன் எண்ணையே நிரப்பி, 64 கேபியை ஒரே கோரிக்கையில் எழுதிவிட்டு, தனித்தனியாகப் படித்துப் பார்த்தேன். பூஜ்ஜியமாவது பிளாக் சரியாக இருந்தது. 01 இருக்க வேண்டிய அடுத்த பிளாக்கில், ஹெக்ஸ் டம்ப் (பைட்டுகளைப் பதினாறடி எண்களாகக் காட்டும் பட்டியல்) முழுவதும் 08 08 08 என்று ஓடியது. அதற்கடுத்ததில் நான் எழுதிய எதுவுமே இல்லை. முகவரியை மூன்று பிட் வலப்பக்கம் நகர்த்த, அதாவது எட்டால் வகுக்க, ஒரு வரி, லாஜிக்கல் பிளாக் அளவு 4096 என்று கெர்னலுக்கு அறிவிக்க ஒரு வரி, அவ்வளவுதான் திருத்தம். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் சக பொறியாளர் ஒருவர் அதில் சேமித்த அளவீடுகள் சிதைந்துவிட்டன. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பழைய வட்டு:
டிரைவரைத் திருத்தினால் தீர்ந்துவிடும் என்பதுபோல மேலே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நேர்ந்ததில் டிரைவர்மீது குற்றமே இல்லை. 3 டிபி யூஎஸ்பி வட்டின் பெட்டி பழுதானதால், வட்டைக் கழற்றி நேரடியாக சாட்டா கேபிளில் இணைத்தேன். "ஃபார்மட் செய்யவா?" என்று கணினி கேட்டது. உள்ளே என் மகளின் சிறுவயதுப் படங்கள் இருந்தன. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வட்டின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணையின் 32 பிட் முகவரி, 512 பைட் செக்டரில் 2 டிபிக்கு மேல் எட்டாது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் முழு வட்டு தெரிய வேண்டும் என்று, பெட்டியில் யூஎஸ்பியையும் வட்டையும் இணைத்த பிரிட்ஜ் சிப் 4096 பைட் செக்டர் என்றே சொல்லிவந்திருக்கிறது. நேரடியாக இணைத்ததும் வட்டு 512 என்றது, அட்டவணையின் எண்கள் பொருந்தவில்லை. லினக்ஸில் செக்டர் அளவை 4096 என்று குறித்து, படிக்க மட்டும் அனுமதிக்கும் லூப் சாதனமாக (மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் வட்டாக) ஏற்றியதும் எல்லாப் படங்களும் வந்தன.

கடைசி பிளாக்:
பழைய வட்டு அவர்களே, பிரிட்ஜ் சிப்பின் ஃபர்ம்வேரும் (அதற்குள் ஓடும் மென்பொருளும்) டிரைவர் செய்யும் அதே கணக்கைத்தான் போடுகிறது. குற்றம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஸ்கஸி (வட்டுகளுடன் பேசும் ஒரு கட்டளை முறை) சாதனத்திடம் கொள்ளளவு கேட்டால், அது பிளாக்குகளின் எண்ணிக்கையைத் தராமல் கடைசி பிளாக்கின் எண்ணைத் தரும். ஒன்றைக் கூட்டிவிட்டு எட்டால் பெருக்க வேண்டிய நான், பெருக்கிய பிறகு கூட்டினேன். ஏழு செக்டர்கள் குறைந்தன. கடைசி பிளாக்கில் இருக்கும் ஜிபிடி (எம்பிஆருக்குப் பின் வந்த பிரிவு அட்டவணை) நகலைக் காணோம் என்று எச்சரிக்கை வந்தது.

இதை எழுதும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். 4096 பைட் வட்டு கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். கெர்னலிலேயே உள்ள, போலி வட்டை உருவாக்கும் ஸ்கஸி டீபக் மாட்யூலுக்கும், மெய்நிகர் கணினி மென்பொருளான கெமுவின் வட்டுக்கும் அந்த அளவைக் கொடுக்கலாம். ஓர் அளவுள்ள கோரிக்கையில் எழுதியதை வேறோர் அளவுள்ள கோரிக்கையில் படியுங்கள். முதல் பதிவில் இரவெல்லாம் ஓடிய சோதனையில் இல்லாதது அதுதான். கடைசி பிளாக்கைத் தவறாமல் எழுதிப் பாருங்கள். ஜிபிடி தலைப்பு 512-ஆவது பைட்டில் தொடங்குகிறதா, 4096-ஆவது பைட்டிலா என்று ஹெக்ஸ் டம்பில் பாருங்கள். அந்த வட்டு எந்த செக்டர் அளவில் பிரிக்கப்பட்டது என்பது உடனே தெரிந்துவிடும். சிஸ்எஃப்எஸ் (கெர்னல் சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) காட்டும் கொள்ளளவு எப்போதும் 512 பைட் கணக்கில்தான் இருக்கும். ஸ்கிரிப்டில் அதை லாஜிக்கல் பிளாக் அளவால் பெருக்கிவிடாதீர்கள்.